உம் கொட்டும் பெட்டி

இங்கேருங்க, இன்று காலை காரின் டிக்கியைத் திறந்தேன். மாதக்கணக்காக ஓடாமல் நின்ற வண்டி, வெளியே ஆடி வெயில். திறந்ததும் முகத்தில் அடித்தது அந்த வாசனை. பெட்டிக்கு நீங்கள் தடவிய பசையும், அதன்மேல் ஒட்டிய கறுப்புக் கம்பளமும், சூடேறிய ஒயரும் சேர்ந்த வாசனை. முதல்நாள் அதற்கு எனக்குத் தலைவலியே வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு உங்களைத் திட்டினேன். இன்று டிக்கிக் கதவைப் பிடித்தபடி அதையே இழுத்து இழுத்து முகர்ந்துகொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, உள்ளே எலி கிலி செத்துக் கிடக்கிறதா என்று கேட்டது. ஆமாக்கா என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

வண்டியை விற்கப்போகிறோம். உங்கள் மகள் சொல்வதும் நியாயம்தான். எனக்கு ஓட்டத் தெரியாது, அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள், நின்ற இடத்திலேயே நின்றால் இரும்பும் துருப்பிடித்துத்தானே போகும். அறந்தாங்கியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். ஆடியில் எதுவும் வாங்கக்கூடாது, ஆவணி பிறந்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். மனுஷன் இன்ஜினைப் பார்க்கவில்லை, டயரை ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. நேராக டிக்கியைத் திறந்து பெட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "செட்டோடதானே தாரீங்க? எம் மகன் அதுக்காகத்தான் இந்த வண்டியே வேணும்ங்கிறான்" என்றார். என் வாயில் வந்தது, எப்போதும் வருகிற அந்த ‘ம்’ தான். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாளை மறுநாள் ஆவணி பிறக்கிறது.

அந்த ‘ம்’ சம்மதம் இல்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த உலகத்தில் என்னுடைய ‘ம்’ எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருத்தர்தான்.

கல்யாணம் ஆன கையோடு வெளிநாட்டு வேலைக்கு விசா வந்து நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். டெலிபோன் கூடத்தில் மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிட்டால் அத்தை பேசி, மாமா பேசி, கொழுந்தன் பேசி, கடைசியில் ரிசீவர் என் கைக்கு வரும். அதற்குள் கூடம் முழுக்க ஆள் உட்கார்ந்திருக்கும். அத்தனை பேருக்கு முன்னால் புருஷனிடம் என்னத்தைப் பேசுவது? நீங்கள் பேசுவீர்கள், நான் உம் கொட்டுவேன். சாப்ட்டியா? ம். ஆத்தா ஏதாச்சும் சொன்னுச்சா? ம். என்னைய நெனைக்கிறியா? அதற்கும் ம் தான். அப்போது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ரிசீவரை வைத்ததும் அத்தை, "என்னடி, அவன் ராமாயணம் படிக்கிறானா, நீ உம் கொட்டிக்கிட்டே இருக்கே" என்று கேட்கும்.

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். யாரிடமும் சொல்லாமல் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை என் ஒரே ஒரு ‘ம்’மைக் கேட்டுவிட்டு, போனை ஆத்தாவிடம் கொடு என்றீர்கள். அத்தை என் கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அங்கிட்டு இருக்கிறவனுக்கு எப்படித் தெரிந்தது என்று வாயில் கை வைத்தது. ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றார்கள். அன்றைக்கு ஊசி போட்ட வலிகூட எனக்குத் தெரியவில்லை. என் புருஷனுக்கு என்னைத் தெரியும் என்ற சந்தோஷத்தில் படுத்திருந்தேன்.

பிறகு கைக்குக் கை செல்போன் வந்தது. கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். பழகிய வாய் கேட்டால்தானே. நீங்கள் வாய்ஸ் மெசேஜில் ஊர்க்கதை எல்லாம் அனுப்புவீர்கள். நான் பதிலுக்கு ஒரு ‘ம்’ அனுப்புவேன். மகள் தலையில் அடித்துக்கொள்வாள். ‘ம்’ என்று டைப் பண்ணினால் போதாதா, அதைப் போய்ப் பதிவு பண்ணி அனுப்புவார்களா என்பாள். நீங்கள் அவை ஒவ்வொன்றையும் நட்சத்திரம் போட்டுச் சேர்த்து வைத்திருந்தீர்கள் என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அந்த ஊரில் நீங்கள் வேலைக்கு நின்றது கம்ப்ரெஸர் ரூமில். பொழுதெல்லாம் அந்த இரைச்சலுக்குள் நின்று, காது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. லீவுக்கு வரும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தீர்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரேயடியாகத் திரும்பி வந்தபோதுதான் திருச்சி டாக்டர், நரம்பே போய்விட்டது, இனி மெஷின் வைத்தாலும் பேச்சுப் புரியாது, சத்தம்தான் வரும் என்றார். மெஷினை வாங்கி வைத்தோம். "தகரத்துல மழை பேயுற மாதிரி இருக்கு" என்று கழற்றிப் பீரோவில் போட்டுவிட்டீர்கள்.

என் வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வது? பாதி ஆயுசு போனில் குடும்பம் நடத்தினோம். வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று இருந்து, வந்த மனுஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் பேசுவது கேட்கவில்லை. மற்றவர்கள் பேசினால் உதட்டைப் பார்த்து ஓரளவு பிடித்துக்கொள்வீர்கள். சோறு, தண்ணீர், மருந்து எல்லாம் அப்படியே ஓடியது. ஆனால் ‘ம்’ சொன்னால் உதடு அசையாதே. நமக்குள் இருந்த பேச்சு முழுவதும் அந்த ஓர் எழுத்தில்தான் இருந்தது, அது மூடிய வாய்க்குள் நடக்கிற பேச்சு. நீங்கள் ஏதாவது சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பீர்கள். நான் ‘ம்’ என்பேன். நீங்கள் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். அப்புறம் தலையை ஆட்டிக் காட்டுவேன். தலையாட்டலில் என்ன இருக்கிறது? மாடுகூடத் தலையாட்டும்.

கொடும்பாளூர்ப் பக்கம் என் தங்கச்சி பேரனுக்குக் காதுகுத்து வைத்தார்களே, நினைவிருக்கிறதா? ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டியை அடுக்கிப் போட்டு அலறவிட்டார்கள். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கிட்டு ஓடினார்கள். நீங்கள் மட்டும் நாற்காலியை இழுத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போனீர்கள். உள்ளங்கையைப் பெட்டியின்மேல் வைத்தீர்கள். அப்புறம் நெஞ்சில் வைத்தீர்கள். என்னைப் பார்த்து, "வருது புள்ள" என்றீர்கள். வெகு நாள் கழித்து உங்கள் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே, நம் வண்டிக்கும் ஒரு சப் ஊஃபர் வைக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டீர்கள்.

நான் குதித்தேன். மீசை நரைத்த வயதில், இளவட்டப் பயல்கள் டொம் டொம் என்று தெருவை அதிரவிடுவதற்கு வைக்கிற சாமான் உங்களுக்கு எதற்கு என்று கையாலும் உதட்டாலும் சண்டை போட்டேன். உங்கள் சித்தப்பா மகன் வாசலில் நின்றுகொண்டு, செவிடன் காதில் சங்கு ஊதின கதைதான் என்று சிரித்தார். உங்களுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டதே. அந்த வார்த்தைதான் என்னை உங்கள் கட்சிக்கு மாற்றியது. சங்கு எங்கள் காசில்தான் வாங்குகிறோம், உங்களுக்கு என்ன நோவு என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு, மறுநாளே நான்தான் புடவை மாற்றிக்கொண்டு முதலில் போய் வண்டியில் உட்கார்ந்தேன்.

புதுக்கோட்டையில் அந்தக் கார் சாமான் கடையில் நாம் பட்ட பாடு இருக்கிறதே. கடைக்காரர் என்னிடம் சொல்ல, நான் உங்கள் முகத்துக்கு நேராக உதட்டை அசைத்துச் சொல்ல, நீங்கள் பதில் சொல்ல என்று ஒரு கோர்ட்டே நடந்தது. ஊஃபர் சீக்கிரம் முடிந்துவிட்டது. அதை ஓட்டுகிற ஆம்ப்ளிஃபயரில்தான் இழுபறி. கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது பளபளவென்று ஒரு பெரிய பெட்டி. மேலே தங்க எழுத்தில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்தது. நீங்கள் என் காதுப் பக்கம் குனிந்து, "இவன் ஏமாத்துறான்" என்று ரகசியம் சொன்னீர்கள். நீங்கள் ரகசியம் என்று நினைத்தது, எதிர்ச் சாரியில் வடை போட்டுக்கொண்டிருந்தவருக்கும் கேட்டிருக்கும். எனக்கு எங்கேயாவது புதைந்துகொள்ளலாம் போல ஆகிவிட்டது. நல்லவேளை, கடைக்காரரே சிரித்துவிட்டார்.

நீங்கள் அதைத் திருப்பிப் போட்டு, பக்கவாட்டில் செருகியிருந்த சின்ன ஃப்யூஸைக் காட்டினீர்கள். "மேல எழுதுனதப் பாக்காத. இதப் பாரு. இது வழியா எவ்வளவு கரண்ட் உள்ள போகுமோ அதுதான் வெளியயும் வரும். இத்துனூண்டு வாசல் வச்சுக்கிட்டு எப்புடி அம்புட்டுச் சத்தம் வரும்?" என்றீர்கள். கடைக்காரரும் ஒத்துக்கொண்டார். அந்தப் பெரிய எண் கண் சிமிட்டும் நேரத்துக்கு வரக்கூடிய உச்சம், விடாமல் நின்று கொடுக்கும் பலத்தை ஆர்.எம்.எஸ். என்று தனியாகச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், ஊஃபரில் போட்டிருக்கும் ஆர்.எம்.எஸ். எண்ணோடு அது பொருந்தினால் போதும் என்றார். கடைசியில் இரண்டு ஆம்ப்ளிஃபயர் நின்றது. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை, ஒரே பலம். அதற்கு மேல் இருந்ததெல்லாம் நம் கைக்கு எட்டாதவை.

ஒன்றில் எந்தத் திருகும் இல்லை, மேளச் சத்தம் மட்டும் ஊஃபருக்குப் போகிற மாதிரி கம்பெனியிலேயே அடைத்துவிட்டிருந்தார்கள். இன்னொன்று அழுக்குச் சாம்பல் நிறம், பார்வைக்கு லட்சணம் இல்லை. அதில் ஒரு திருகு இருந்தது. மேளச் சத்தத்துக்கு மேல் எந்தச் சத்தம் வரைக்கும் ஊஃபருக்கு விடலாம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம், ஆனால் திருகை எண்பதிலேயே விட்டுவிடுங்கள், அதற்கு மேல் ஏற்றினால் பேச்சுச் சத்தமெல்லாம் கொழகொழவென்று உள்ளே வந்து பாட்டைக் கெடுத்துவிடும் என்றார் கடைக்காரர். நான் உங்களுக்கு அதைச் சொன்னேன், பேச்சுச் சத்தமும் வருமாம் என்று. நீங்கள் என் உதட்டையே பார்த்தீர்கள். இன்னொரு தடவை சொல் என்றீர்கள். சொன்னேன். சாம்பல் நிறப் பெட்டியின்மேல் கையை வைத்து, "இதுதான்" என்றீர்கள். அழகானதை விட்டுவிட்டு அவலட்சணத்தை எடுக்கிறாரே, என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தான் எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒயர் வாங்கும்போதும் விடவில்லை. பிளேடால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்து, செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்று திருப்பிக் கொடுத்து, நிஜச் செம்பு ஒயர் தேடி இன்னும் இரண்டு கடை ஏறினீர்கள். பெட்டியை வீட்டு வாசலில் நீங்களே அறுத்து, ஒட்டி, கம்பளம் சுற்றினீர்கள். நம் தெருவே வேடிக்கை பார்த்தது. வண்டிச் சக்கரத்துக்கு வைப்பது மாதிரி ஆம்ப்ளிஃபயருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை வண்டிக்கு முன்னால் வைத்து நசுக்கித்தான் கிளம்பினோம்.

அன்றைக்கு மீமிசலுக்குப் போனோம், மீன் வாங்குகிற சாக்கில். பின்னால் ஹாரன் அடித்தால் உங்கள் தொடையில் ஒரு தட்டு, இடம் கொடுக்கச் சொன்னால் இரண்டு தட்டு என்று நாம் வைத்திருந்த கணக்கு அன்று எடுபடவில்லை. வண்டியே மேளம் மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது, என் தட்டு உங்களுக்கு எங்கே தெரியும்? ஒரு பஸ்காரன் எட்டிப் பார்த்துக் கையை ஆட்டித் திட்டிவிட்டுப் போனான். நண்டு வாங்கிக்கொண்டு கடற்கரையில் வண்டியை நிறுத்தினீர்கள். பாட்டை நிறுத்தினீர்கள். முன் ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டு, பின்னால் போய் அந்தத் திருகைக் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்தீர்கள். முதுகைச் சாய்த்துக்கொண்டீர்கள். உங்கள் செல்லில் எதையோ அழுத்தினீர்கள்.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்ன உறுமல். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி ஒன்று. மறுபடி. நீங்கள் கண்ணை மூடி, சீட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தீர்கள். "இது கோவத்துல சொன்னது" என்றீர்கள். அடுத்தது வந்தது. "இது மக வயசுக்கு வந்தப்ப." அடுத்ததை மட்டும் இரண்டு தடவை போட்டுக் கேட்டீர்கள். "இது எங்காத்தா செத்தன்னைக்கு, நான் வர முடியலைன்னு சொன்னதுக்கு" என்றீர்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெட்டிக்குள் உறுமிக்கொண்டிருந்தது நான். நண்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கடற்கரையில் நான் அழுத அழுகையை மீன் விற்கிற பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.

அதற்குப் பிறகு நம் குடித்தனமே அந்தக் காரில்தான். சாயங்காலம் ஆனால் வாசலில் நிற்கிற வண்டிக்குள் போய் உட்காருவோம். நீங்கள் ஊர்க்கதை சொல்வீர்கள், நான் செல்லில் ஒரு ‘ம்’ பதிந்து பக்கத்தில் இருக்கிற உங்களுக்கே அனுப்புவேன், நீங்கள் அதைப் பெட்டியில் போட்டு முதுகால் கேட்பீர்கள். "பொய் சொல்ற, இது சரிங்கிற ‘ம்’ இல்ல" என்று சண்டைக்கு வருவீர்கள். போகிற வருகிறவர்கள், இதுகளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம்.

மாசியில் ஒரு காலை. நீங்கள் காபி குடித்த டம்ளரை நான் கழுவி வைப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டு அக்கா மகன்தான் நம் காரை ஓட்டினான். பின் சீட்டில் உங்கள் தலை என் மடியில். இந்தா வந்துருச்சு, ஆஸ்பத்திரி வந்துருச்சு என்று வாய் ஓயாமல் சொன்னேன். அப்புறம்தான் உறைத்தது, உங்களுக்கு என்ன கேட்கும் என்று. கண்ணும் மூடியிருந்தது, உதட்டையும் பார்க்க முடியாது. குனிந்து என் வாயை உங்கள் நெற்றியில் வைத்து அழுத்தி, ‘ம்’ என்றேன். ம், ம் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு தடவை என் கையை இறுக்கினீர்கள். எந்த ‘ம்’முக்கு இறுக்கினீர்கள் என்று எனக்குத் தெரியும், அதை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பின் உங்கள் குரலை நான் கேட்கவே இல்லை. நீங்கள் அந்த ஊரிலிருந்து அனுப்பிய மெசேஜ் எல்லாம் என் செல்லில் இருக்கிறது. தொட முடியவில்லை. ‘ஏ புள்ள’ என்று நீங்கள் ஆரம்பித்தால் நான் அவ்வளவுதான். இன்று காலை அந்த வாசனையோடு வந்து பின் சீட்டில் உட்கார்ந்தேன். வாங்குகிறவர் வருவதற்காக மெக்கானிக் பேட்டரியை ஏற்றிவைத்துவிட்டுப் போயிருந்தார். முன்னால் எட்டிச் சாவியைத் திருப்பினேன். நீங்கள் வைத்த திருகு வைத்த இடத்திலேயே இருந்தது, முன் ஸ்பீக்கர்களும் அணைந்தபடிதான் இருந்தன. என் செல்லை வண்டி செட்டோடு சேர்த்துவிட்டு, துணிந்து ஒரு மெசேஜைத் தொட்டேன். வார்த்தை ஒன்றும் வரவில்லை. அதிர்வு மட்டும் சீட்டிலிருந்து ஏறி என் முதுகில் பரவியது. ஆம்பளைக் குரல் இல்லையா, என்னுடையதைவிடக் கனமாக வந்தது. நீங்கள் பின்னால் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். அழாமல் கேட்க முடிந்தது. கடைசி வரைக்கும் கேட்டேன்.

வண்டியிலிருந்து இறங்கி அறந்தாங்கிக்காரருக்குப் போன் போட்டேன். வண்டி தருகிறேன், செட்டு தரமாட்டேன் என்றேன். அவருக்கு முகம் சுண்டிப்போயிருக்கும்.

"அன்னைக்குச் சரின்னு சொன்னீங்களே, தாயி."

"சரின்னு சொல்லலைங்க. ‘ம்’முன்னுதான் சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டியவருக்குப் புரியும். விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன், மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். எலக்ட்ரிசியன் தம்பியிடமும் கேட்டுவிட்டேன். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் கார் பேட்டரி மாதிரிதானாம், அதிலேயே ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துவிடலாம், ஒயர் மட்டும் நல்ல ஒயராக வேண்டும் என்றார். நிஜச் செம்பு இருக்கிறது, என் வீட்டுக்காரர் சுரண்டிப் பார்த்து வாங்கினது என்றேன். நாளைக்கு வருகிறார். பெட்டியை நம் கட்டிலின் தலைமாட்டில் வைக்கச் சொல்லப்போகிறேன். மகள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள், அடித்துக்கொள்ளட்டும்.

இப்போது இதை எழுதுவதும் காருக்குள் இருந்துதான். இங்கே உட்காருவது இன்னும் ஒரு நாள்தானே. இன்னொரு மெசேஜைப் போட்டுவிட்டு உள்ளங்கையைச் சீட்டில் விரித்து வைத்திருக்கிறேன், நீங்கள் வைத்த மாதிரியே. சின்னதாக ஓர் அதிர்வு, கொஞ்சம் நின்று, கடைசியில் மேலே தூக்கி முடிகிறது. அது கேள்வி. வெள்ளிக்கிழமைதோறும் முதலில் கேட்பீர்களே, சாப்ட்டியா என்று, அதுவாகத்தான் இருக்க வேண்டும். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. கூடத்தில் இப்போது யாரும் இல்லை, சுவர்ப் பக்கம் திரும்பவும் தேவையில்லை, வாய்விட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

ம்.

நம்பாதீர்கள், பொய்தான். உங்களுக்கா தெரியாது.